கயிறு பிடிக்கிறவருக்கு ஒரு சம்மதம்

நரிக்குடி
விய வருஷம், வைகாசி 10

கில்கித் தந்தி ஆபீசில் இருக்கும் சிரஞ்சீவி அருஞ்சுனைக்கு அப்பா உக்கிரபாண்டி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அம்மா, கோட்டைச்சாமி மாமா, ஆடு மாடு எல்லாரும் சௌக்கியம், நான் மட்டும் இடுப்பில் பத்துப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன், காரணம் கீழே வரும், சிரிக்காமல் படி. நீ அங்கே போர்வைக்கும் சோற்றுக்கும் குறைவில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம்.

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. ஹூன்சா மலைக்காரர் தௌலத் ஷா ஆடி மாதம் பனிப்பாளத்தைத் தாண்டி மேல் கணவாய் வரைக்கும் உன்னைக் கூட்டிப் போவதாகவும், ஆனால் பெற்றவர்கள் சம்மதம் எழுத்தில் வராமல் யாரையும் தன் கயிற்றில் கட்டமாட்டார் என்றும் எழுதியிருந்தாய். அவர்கள் இஸ்மாயிலி முஸ்லிம்கள், அவர் தகப்பனார் சர்வேக்காரத் துரைமாருக்கு லோடு சுமந்து மலையேறியவர், அவரிடம் இவர் படித்து, இப்போது நியத் என்கிற தன் மகனுக்குப் பனியில் கால் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதையெல்லாம் மூன்று தடவை படித்தேன். நான் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று யோசித்ததில், வெற்றிலைக்கு அளவாகச் சுண்ணாம்பு தடவுவது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா ஒரேயடியாக முடியாது என்றுவிட்டாள். ஆபத்துன்னு வந்தா அந்த மனுஷன் பெத்த மகனைப் பிடிப்பாரா, எம் மகனைப் பிடிப்பாரா என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான். இங்கே கிணற்றில் இறங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தானே கொடுக்கிறோம், தங்கச்சி தாலியை நினைத்தாவது பிடிப்பான் என்று. உனக்குக் கல்யாணமே ஆகவில்லை, மச்சானுக்கு எங்கே போவாய். கயிற்றை நம்பலாம் என்று அவளுக்குக் காட்ட, நம் கமலைக் கிணற்றில் தூர் எடுக்க நானே இறங்குகிறேன் என்று வாய்விட்டேன். மாமா என் இடுப்பில் வடத்தைக் கட்டி இறக்கினார். பத்து முழம் இறங்கியதும் கீழே பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த கல்லைக் கட்டிப்பிடித்தவன் மேலேயும் போகவில்லை கீழேயும் போகவில்லை. மச்சானே மச்சானே என்று நான் போட்ட கூப்பாட்டில் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், மாமாவிடமிருந்து மட்டும் பதில் இல்லை. உன் அம்மா எட்டிப் பார்த்து, கல்லை விடுங்க, அது எங்கயும் போயிராது என்றாள். விட்டேன். சுவரில் இடுப்பு மோதியது. கயிறு ஒரு விரல்கூட இறங்கவில்லை.

என்னை மேலே தூக்கிப் போட்டதும் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள், இவுக இம்புட்டுக் கத்துறாக, ஒரு வார்த்தை பதில் சொன்னா என்னண்ணே என்று. மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். கயிறு கையில இருக்கையில பேசக்கூடாது தாயி, பேசுனா குதிகால் இளகிப்போகும், நம்மளப் பெத்த ஐயா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒண்ணுதான் என்றார். எனக்கு உடனே உன் கடிதம் நினைவுக்கு வந்தது. எடுத்து வரச் சொல்லி, படுத்தபடியே சத்தமாகப் படித்தேன். தௌலத் ஷா பனியில் குதிகாலை ஊன்றிக் கயிற்றை இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டால் பெற்ற மகன் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டார், அப்படியொரு ஊமை என்று நீ கேலியாக எழுதியிருந்தாயே, அந்த இடம். இன்னொரு தரம் படிங்க மாப்பிள்ள என்றார் மாமா. படித்தேன். மலையும் தெரியாது, பனியும் தெரியாது மாமாவுக்கு. அந்த மலைக்காரரு கயிறு பிடிக்கத் தெரிஞ்சவரு, பிள்ளையை விடலாம் என்றார். அம்மா என் இடுப்பிலிருந்த வடத்தை அவிழ்த்தாள். பிறகு, அவனுக்கு இவுக காலு வரலை, எங்கய்யா காலுதான் வந்திருக்கு, போயிட்டு வரட்டும் என்றாள். இதற்கு நான் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் வாய் நிறையச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆகையால் அருஞ்சுனையைப் பெற்ற எங்கள் இருவருக்கும் பூரண சம்மதம் என்று தௌலத் ஷாவுக்குப் படித்துச் சொல். கிணற்றுச் சங்கதியை மட்டும் சொல்லாதே, இந்த ஆளின் பிள்ளையா என்று அவர் யோசிக்கப் போகிறார். அவர் கால் வைத்த இடத்தில் கால் வை. கயிறு அவர் கையில் இருக்கும்போது வாயைத் திறக்காதே. அந்தப் பையன் நியத்துக்கும் சேர்த்துக் கருப்பட்டி அனுப்புகிறோம், ஒருவனாகத் தின்றுவிடாதே. திருச்சுழி திருமேனிநாதர் உன் குதிகாலில் நிற்பார். இறங்கி வந்த அன்றே ஒரு கார்டு போடு, அதுவரைக்கும் அம்மா தபால்காரரை விடமாட்டாள்.

கீழே இருப்பது அம்மாவின் கைநாட்டு. அந்த மலைக்காரர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியணும் என்று அழுத்தினாள், தாளின் மறுபக்கம் வரைக்கும் ஊறிவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. உக்கிரபாண்டி

சந்தனம்மாள் கைநாட்டு