தொழில்: விவசாயம்

ஆம்பூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அண்ணனுக்கு, பூங்குழலி எழுதுவது. இங்கே யாரும் நலமில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

அப்பாவை வியாழக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். இனி வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின்தான். கரண்ட் போனால் பக்கத்து வீட்டு வஹீதா அக்கா தன் இன்வெர்ட்டர் ஒயரை ஜன்னல் வழியாக நீட்டுகிறார்.

ஜெர்மனியில் நீ ஆராயும் செல்களைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னேன். நுரையீரலிலேயே குடியிருந்து தூசி தின்னும் செல்கள். அவற்றின் மேல் கைகள் மாதிரி ஒட்டு ஏற்பிகள். அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறதோ அதுதான் செல்லின் குணத்தையே உண்டாக்குகிறது. எலியில் அந்தக் கையை எடுத்துவிட்டால் செல் தன் வேலையை மறந்துவிடுகிறது. நீ போனில் சொன்னதுதான். இவ்ளோ தூசி வருதுன்னா வுட்டுட்டு வேற எடம் போவ வேண்டியதுதானே, இன்னாத்துக்கு அங்கியே தொங்கினு கெடக்குது என்று கேட்டார் அப்பா. சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. தோல் கம்பெனி பஃபிங் மெஷினில் தோலைத் தேய்த்துத் தேய்த்து இருபத்திரண்டு வருஷம் தூசி தின்றவர் கேட்கிற கேள்வியா அது?

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு மூச்சு வாங்குகிறது என்று முதல் தடவை காட்டப் போனபோது, என்ன தொழில் என்று டாக்டர் கேட்டார். விவசாயம் என்றார் அப்பா. சொந்த ஊர் ஒடுகத்தூரில் நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. உன் ஸ்கூல் ஃபாரத்திலிருந்து அப்படித்தானே எழுதினார்? தோல் கம்பெனி என்று போட்டால் பிள்ளைகள் பெஞ்சில் தள்ளி உட்காரும், வாத்தியார் எந்தத் தெரு என்று கேட்பார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வைக்கோல் பூஞ்சையால் வந்திருக்கலாம், வைக்கோல் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர். அப்பா தலையாட்டிவிட்டு மறுநாளே ஷிப்டுக்குப் போனார். தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வருகிற நாளில் மட்டும் மாஸ்க் கொடுக்கும் கம்பெனிக்கு.

போன வாரம்தான் நான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நீ போனில் அனுப்பிய உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ‘விவசாயியான என் அப்பாவுக்கு’ என்று போட்டிருக்கிறாய். மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நாலாவது தடவை, போதும் மூடு என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணா, அதை மாற்று. தோல் கம்பெனியில் பஃபிங் போட்ட வேதாசலத்துக்கு என்று எழுது. போனில் அனுப்பாதே, சீக்கிரம் நீயே எடுத்து வா. படித்துக் காட்டும்போது அவருக்குக் காது கேட்க வேண்டும்.

உன் தங்கை,
பூங்குழலி