பதினான்கு ஸ்லைடும் அப்பாவின் குரலும்

கோரிப்பாளையம், மதுரை
12.3.2006

அன்பு மகன் ஜினோவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கருணையால் அம்மாவும் தங்கச்சி ஆன்மேரியும் நலம், குரல்வளையை எடுத்த இடத்தில் எனக்கும் புண் ஆறிவிட்டது, கஞ்சி இறங்குகிறது. துபாயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா.

போன வாரம் ஒரு தப்புச் செய்துவிட்டேன். ஆன்மேரி கல்யாணத்தில் போட்டுக் காட்ட, ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேமரா முன் கால் மணி நேரம் வாழ்த்திப் பேசினேனே, அதன் நடுநடுவே அவளுடைய சின்ன வயதுப் படங்களை ஸ்லைடாகச் சேர்க்கலாம் என்று நீ சொன்னபடி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பதினான்கு ஸ்லைடும் அழகாகத்தான் வந்தன. ஆர்கன் இசை போட்டுச் சேமித்துவிட்டு, இனி எதற்கென்று பழைய ஃபைலை அழித்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் இசை மட்டும் கேட்கிறது, என் வாய் சும்மா அசைகிறது. பின்னால் நின்ற அம்மா, "இனி எங்க போயி அந்தப் பேச்சக் கேப்பேன்" என்று உட்கார்ந்தவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சிலேட்டில் எழுதி நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கேமரா டேப்பை எடுத்துக்கொண்டு, என்னிடம் படித்து இப்போது செல்லூரில் கல்யாண வீடியோ எடுக்கும் மலையாண்டியிடம் இருவரும் ஓடினோம். அதே டேப்பில் அந்தப் பேச்சின் மேலேயேதான் பிப்ரவரியில் நிச்சயதார்த்தத்தையும் பிடித்தோம் என்பது அங்கே போனபிறகுதான் எனக்கு உறைத்தது. ஓட்டிக்கொண்டே போனான், மாப்பிள்ளை வீட்டார், பந்தி, சிரிப்பு என்றே வந்துகொண்டிருந்தது. கடைசியில், "சார், நாலு நிமிசம் தப்பிச்சிருக்கு" என்றான். அதில் வாழ்த்து ஒரு வரியும் இல்லையடா. பேசி முடித்து, கேமரா நின்றுவிட்டதென்று நினைத்து, "மாதாவே, எம்புட்டுப் பயமா இருக்கு" என்று தனியாக நான் புலம்பியது. பிறகு உன் அம்மாவைச் சூசை என்றும், உங்களை ஜினோ, ஆன்மேரி என்றும் மூன்று பேர் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். மலையாண்டி எழுந்து வெளியே போய்விட்டான். எனக்கு அவமானமாக இருந்தது, எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லி எழுதினேன். அம்மா சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "பயந்ததை எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா? மண்டபத்துல பேரு மட்டும் போடுங்க, முழுசும் எனக்கு வேணும்" என்றாள்.

அப்படியே செய்துவிட்டோம். வாழ்த்தை ஸ்லைடுகளில் எழுத்தாகவே வைத்துவிட்டேன், முடிவில் என் குரலில் பெயர்கள் வரும். ஆன்மேரிக்கு இது தெரியாது, போனில் உளறிவிடாதே. மே மாத லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. ஞாயிறு பூசையை விடாதே. அம்மாவிடம் பேசி முடித்ததும் போனை வைத்துவிடுகிறாய், இனி என்னிடமும் கொடுக்கச் சொல். பதில் வராது, ஆனால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அப்பா
அ. லூர்துராஜ்