பெத்த சாச்சி

2024 ஜனவரி 14, ஞாயிறு. எத்தாளை

விடிந்ததிலிருந்து காற்று. கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். குவைத்திலிருந்து வந்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை, கை மெஷினைத் தேடுகிறது. நப்லாவின் பள்ளிச் சட்டையை ஊறப்போட அவளுடைய சின்ன வாளியை எடுத்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"உம்மா! சாச்சி என்ட வாளிய எடுத்துட்டா!"

யார் அந்தச் சாச்சி என்று நானும் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகத்தான். முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

அடுப்படியிலிருந்து தாத்தா வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ. என் முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

தாத்தா என்றால் என் கூடப்பிறந்த அக்கா, ஸக்கியா. குவைத்தில் என்னோடு வேலை செய்த நாகர்கோவில்காரி ஒருத்தி இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். அக்காவைப் போய்த் தாத்தா என்கிறாயே, எங்கள் ஊரில் அது கிழவனல்லவா என்று. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிள்ளைக்குத் தாத்தாதான் உம்மா. அப்போது உம்மாவின் தங்கச்சி சாச்சிதானே. முறை சரியாகத்தான் இருக்கிறது. பிள்ளை பிழையாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அவளைப் பெற்றது நான்.

ஜனவரி 16

போனில் எனக்கு ஏன் தெரியாமல் போனது? இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். குவைத்தில் நான் வேலை செய்த வீட்டுக்காரி வெள்ளிக்கிழமைகளில்தான் போனைத் தருவாள். தாத்தா பிள்ளையின் காதில் வைத்து, "சலாம் சொல்லு" என்பாள். சொல்லுவாள். "சாப்பிட்டியா மகள்?" "ஓம்." "பள்ளிக்குப் போனியா?" "ஓம்." கேட்டதற்குப் பதில் சொல்ல எந்தப் பேரும் தேவைப்படாதே. வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். தாத்தாவும் அப்படித்தான் சொன்னாள்.

இன்றைக்குக் கேட்டுவிட்டேன். தாத்தா அழவில்லை, நேராகவே சொன்னாள்.

"அல்லாஹ் மேல ஆணை, நான் சொல்லிக் குடுக்கல்ல. உன்ட போட்டோவத் தொட்டுத் தொட்டு 'இது உம்மா, இது உம்மா'ண்டுதான் வளர்த்தன். ஒருநாள் நல்ல காய்ச்சல். என்ட கழுத்தக் கட்டிப் புடிச்சிட்டு, முகத்தப் பாத்து உம்மாண்டா. நெருப்பாக் கொதிக்கிற புள்ளைக்கிட்ட இல்லண்டு எப்படிடி சொல்ற?"

அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் திருத்திப் பார்த்தாளாம். பிள்ளை கேட்கவில்லையாம்.

நான் நம்புகிறேன். வயிற்றில் வந்த ஒன்றுமே தங்காத பெண் தாத்தா. அந்தச் சொல்லை முதல்முதலாகக் கேட்டபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! நான் கேட்டிருக்க வேண்டிய சொல்.

றிம்ஸான் தலாக் சொல்லிவிட்டுப் போனபோது நப்லா பால்குடி மறக்கவில்லை. இரண்டு வருடம் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். கொரோனா வந்தது, பிறகு நாட்டில் பெட்ரோல் இல்லை, அரிசி இல்லை, மருந்து இல்லை. இரண்டு வருடம் ஐந்தாகிவிட்டது.

ஜனவரி 20, சனி

நப்லாவைப் பக்கத்தில் இருத்தித் தலை பின்னினேன். "என்னை யாரென்று தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியும்."

"யாரு?"

"உம்மா சொல்லித் தந்த. நீங்க என்னப் பெத்த சாச்சி."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். மீதியைத் தாத்தாதான் பின்னினாள்.

ஜனவரி 21

பெத்த சாச்சி. பெத்த சாச்சி. பெத்த சாச்சி.

ஜனவரி 28, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு நஃபீஸா மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் என்னைப் பார்க்க வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தோம். மாமி சும்மா இருக்காமல் நப்லாவின் தாடையைப் பிடித்து, "ஆருடி வந்திருக்கிற?" என்று கேட்டார். "சாச்சி." மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனால் தாத்தாவின் முகம் கறுத்துப்போனது.

அவர்கள் படலையைத் தாண்டியதுதான் தாமதம், தாத்தா விளக்குமாறிலிருந்து ஓர் ஈர்க்கிலை உருவினாள்.

"சொல்லு. இவ ஆரு? உம்மாண்டு சொல்லு!"

நப்லா வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"சொல்லுடி!"

கெண்டைக்காலில் ஒன்று போட்டாள். நான், "தாத்தா, வேணாம், வேணாம்" என்கிறேன். இன்னொன்று விழுந்தது. அப்போதுதான் பிள்ளை, "உம்மா!" என்று அலறினாள்.

என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தேன்.

அவள் என் பக்கம் வரவே இல்லை. அடித்தவளின் இடுப்பைத்தான் கட்டிப்பிடித்தாள். "உம்மா, அடிக்காதீங்க உம்மா, உம்மா..." தாத்தாவின் கையிலிருந்து ஈர்க்கில் விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

நான் நீட்டிய கையோடு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பெப்ரவரி 3, சனி

கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். என்ட புள்ள. நான் ஏன் விட வேணும்? ஏன் விடணும்?

கண்டக்குழியில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற லொட்ஜ் ஒன்றில் சமையலறை வேலை சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில் மக்தலேனா அக்காவின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. நடந்து போகிற தூரத்தில் பள்ளியும் உண்டு.

மச்சானிடம் நான்தான் சொன்னேன். தாத்தாவின் புருஷன் மீராசாஹிப் மச்சான் அதிகம் பேசுகிற மனிதரில்லை. முற்றத்தில் குந்தியிருந்து வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உன்ட புள்ள. நான் என்ன சொல்ற."

இன்னும் ஒரு பிடி பாசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "மீனுக்கு முள்ளெடுத்துக் குடுக்கணும். இல்லாட்டித் திங்க மாட்டா" என்றார்.

"சரி மச்சான்."

"சூரைண்டா வேணாம்பா. கட்டாப் பாறை எண்டாத் தின்பா."

"சரி."

அதற்குப் பிறகு வலையை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனார். இந்தக் காற்றில் யாரும் படகு தள்ளவில்லை. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு. கண்டக்குழி

வந்து சேர்ந்து சில நாளாகிவிட்டது. நப்லா ஒரு குழப்படியும் செய்வதில்லை. சொன்னதைக் கேட்கிறாள். முள்ளெடுத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள். பள்ளிக்குப் போகிறாள்.

ஆனால் என்னைக் கூப்பிடுவதே இல்லை.

உம்மா இல்லை, சாச்சியும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் பார்க்கும்வரை நிற்பாள். அவசரமென்றால் என் முந்தானையை இழுப்பாள். நேற்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதுகூட, "இஞ்ச, இஞ்ச" என்றுதான் சத்தம் போட்டாள்.

சாச்சி என்று கூப்பிட்டால் அடி விழும் என்ற பயம். உம்மா என்று கூப்பிட அவளுக்கு மனமில்லை. வேறென்னதான் செய்வாள்?

மகரிபு நேரம் ஜன்னலில் நின்று கேட்டாள். "எங்கட வீட்ட இப்ப ஆரு லைட் போடுற?"

பெப்ரவரி 14

மக்தலேனா அக்கா இன்று கதை சொன்னார். அவருடைய மகன் தகப்பனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவானாம். தகப்பனின் மீன் காயப்போடுகிற வாடியில் வேலை செய்கிறவர்களெல்லாம் அவரை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன். இப்போது தாடி வைத்த ஆம்பிளை, இன்னும் அண்ணேதான். "கோயில் பாதர் கூடச் சிரிப்பார். கூப்பிடுற பேர்ல என்ன இருக்கு புள்ள? கூப்பிட்டாச் சரி."

சிரித்துவிட்டு அறைக்கு வந்தேன். கூப்பிடுகிறாளில்லையே அக்கா.

பெப்ரவரி 18, ஞாயிறு

நப்லாவை எத்தாளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் தாத்தாவோடு இருந்துவிட்டு வரட்டும் என்று. கதவில் பூட்டு.

பக்கத்து வீட்டில்தான் சொன்னார்கள். தாத்தாவும் மச்சானும் உச்சமுனைத் தீவுக்குப் போய்விட்டார்களாம். அங்கே மச்சானின் கூட்டாளி ஒருவரின் மீன்வாடியில் இருக்கிறார்களாம். எனக்குச் சொல்லச் சொல்லித் தாத்தா ஒரு வார்த்தை விட்டுப் போயிருக்கிறாள். "நாங்க பக்கத்துல இருந்தா அவ உன்னோட ஒட்ட மாட்டா. நாங்க தூரமாப் போனாத்தான் உனக்குப் புள்ள கிடைக்கும்."

என்ன பெண் இவள். பிள்ளையை விடுவதற்கு ஊரையே விட்டுவிட்டாளே.

நப்லா பூட்டைக் கையில் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பெப்ரவரி 25

சாப்பிடுவதும் குறைந்துவிட்டது. டொக்டர் ஒன்றுமில்லை என்கிறார்.

மார்ச் 2, சனி

லொட்ஜில் வேலை முடிந்து வந்தேன். நப்லா வாசல்படியில் எனக்காகக் காத்திருந்தாள். இதற்கு முன் ஒருநாளும் அப்படிக் காத்திருந்ததில்லை. எனக்கு எப்படிச் சந்தோசம்! பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்டு கேக்கவா?" என்றாள்.

"கேளு மகள்."

"நான் உங்கள உம்மாண்டு சொன்னா, உம்மாவ வரச் சொல்லுவீங்களா?"

வாயில் வந்தது "ஓம்" என்பதுதான்.

அவள் எழுந்து நேராக நின்றாள். பள்ளியில் பாடம் ஒப்புவிக்கிறதைப் போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உம்மா," என்றாள்.

அதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தேன். கேட்டுவிட்டேன்.

சொல்லி முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தாள்.

மார்ச் 3, ஞாயிறு

கற்பிட்டியில் படகு ஏறினோம். களப்புத் தண்ணீர் அமைதியாக இருந்தது. நப்லா படகின் முன் பலகையை விட்டு அசையவே இல்லை.

உச்சமுனைக் கரையில் தாத்தா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படகைக் கட்டுமுன்னமே பிள்ளை தண்ணீருக்குள் குதித்துவிட்டாள். இடுப்பளவுத் தண்ணீர். தாத்தா நிமிர்ந்து பார்த்தாள். ஓடிவருவாள் என்று நினைத்தேன். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு குடிசைக்குள் போய்த் தட்டியைச் சாத்தினாள்.

நப்லா நனைந்த சட்டையோடு தட்டியில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"உம்மா, தெறங்க! நான் சொல்லிட்டன்! சாச்சிய உம்மாண்டு சொல்லிட்டன்! இனி வரலாம்தானே? உம்மா, இனி வரலாம்தானே!"

உள்ளே என்ன நடந்ததோ. தட்டி திறந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, கடல் பக்கம் திரும்பி நின்றேன். மச்சான் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் கடலைத்தான் பார்த்தார்.

பிள்ளை சோறு தின்று, தாத்தாவின் மடியிலேயே நித்திரையான பிறகுதான் நாங்கள் பேசினோம்.

"ஏன்டி கொண்டு வந்த? எவ்வளவு கஷ்டப்பட்டு விட்டுட்டு வந்தன்."

"அவ தின்றாளில்ல தாத்தா."

"பழகிருவா. நீ பெத்தவ."

"பழகுவா. அதுக்குள்ள என்ட புள்ள செத்துருவா."

தாத்தா என் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாத! சரி, ரெண்டு பேரையும் உம்மாண்டு கூப்புடட்டும். ஊர்ல இல்லாத முறையா?"

"வேணாம். நேத்து அவ சொன்னா. உங்கள வர வைக்கத்தான் சொன்னா. எனக்கு அப்படி வேணாம் தாத்தா. நீங்க வீட்ட வாங்க. புள்ள உங்களோட இருக்கட்டும். நான் வெள்ளிக்கு வாறன். எனக்குச் சாச்சி போதும்."

போதும் என்றது பொய். தாத்தாவுக்கும் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடியும்வரை விடவில்லை.

மார்ச் 15, வெள்ளி

முதல் வெள்ளி நோன்பு. எத்தாளையில் நோன்பு திறந்தேன். "சாச்சி, எனக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி" என்று கோப்பையை நீட்டினாள். ஊற்றினேன்.

ஜூன் 7, வெள்ளி

நப்லா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதுக்குள் ஒரு ரகசியம் சொன்னாள். காதுத் தோடு ஒன்றைப் பள்ளியில் தொலைத்துவிட்டாளாம். "உம்மாட்ட சொல்லாதீங்க. உம்மாட்ட சொல்ல ஏலாததச் சாச்சிட்ட சொல்லலாம்தானே?"

"சொல்லலாம்," என்றேன். "சாச்சி அதுக்குத்தானே."

அவள் சிரித்துக்கொண்டு ஓடினாள். நான் ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன். இன்னொரு வாளியும் அள்ள வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

தாத்தாவுக்கு முழங்கால் வலி. நப்லாவின் காலுக்குச் சப்பாத்து வாங்க நான் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் சனம். நுரைச்சோலையில் ஏறிய ஒரு மனுசி எங்கள் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தாள். வெற்றிலைக்காரி, நல்ல கதைக்காரி. எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"மகளா?"

நான் வாயைத் திறக்குமுன் நப்லா சொன்னாள். "இல்ல. இவ எங்கட சாச்சி."

"அப்படியா! நான் மகளெண்டுதான் நெனச்ச. அச்சு அசல் உங்கட முகம். மூக்கு, கண்ணு, எல்லாம்."

"ஓம்," என்றேன். "சில புள்ளைகள் சாச்சியப் போலயும் வாறதுதான்."

பாலாவியில் அந்த மனுசி இறங்கினாள். நப்லா ஜன்னலோர இடத்தைக் கேட்டாள். இடம் மாறி உட்கார்ந்தோம்.