பாதத்தைப் பார்க்க ஓர் ஆள்

நவம்பர் 12, செவ்வாய்

இன்று பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளங்காலில் கருவேல முள் குத்திப் புண்ணாகியிருக்கிறது. சர்க்கரையால் கால் மரத்துப்போய், குத்தியதே எனக்குத் தெரியவில்லை.

"முந்தாநேத்து வரைக்கும் காய்ச்சல்கூட இல்லையேம்மா," என்றேன்.

"கிருமி கொஞ்சமா இருக்கையில சும்மா கெடக்கும்யா," என்றார் டாக்டரம்மா. "ஒவ்வொண்ணும் ஒரு ரசாயனத்தக் கசியவிடும். கூட்டம் பெருகப் பெருக அதுவும் கூடும். அத வச்சு, போதுமான ஆளு சேந்தாச்சுன்னு தெரிஞ்சதும் எல்லாம் ஒண்ணா வெசத்தக் கக்கும். அதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். தெனமும் பாதத்தப் பாக்க வீட்ல ஆளிருக்கா?"

"மக இருக்கா," என்றேன். அவள் கோயம்புத்தூரில் இருப்பதைச் சொல்லவில்லை. மனைவி இறந்த பிறகு என் பாதத்தை யாரும் பார்த்ததில்லை.

கட்டுப் போடுமுன் நர்ஸ் என் போனில் புண்ணைப் படம் எடுத்துத் தந்தாள். வெகுநேரம் யோசித்துவிட்டு, சாயங்காலம் அதை மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா இத்தன நாளாச் சொல்லல?" என்றாள். "லீவு கேட்டுட்டு ஞாயித்துக்கிழம வாரேன்."

"அவசரமில்லம்மா, மெதுவா வா," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.