மண்டி பில்டிங்கின் முதல் கையெழுத்து

என் கஸ்தூரி அக்கா,

பூந்தமல்லியில் நம் மண்டி பில்டிங் இப்போது இல்லை. போன மாதம் இடித்துவிட்டார்கள். உத்தரங்களை மட்டும் சேதமில்லாமல் இறக்கி லாரியில் கொண்டுபோனார்கள். அத்தனையும் தேக்காம். இத்தனை வருஷம் அதன் அடியில் உட்கார்ந்து தைத்த எனக்கு அது தெரியாது.

பெரிய முதலாளியின் தாத்தா நெல் மண்டிக்கென்று கட்டியது. மண்டி நொடித்த பிறகு பலகையால் தடுத்து ஏழு கடையாக்கினார்கள். மாடியில் உன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கீழே படிக்கட்டை ஒட்டி என் தையல் கடை.

அந்த இடம் எனக்குக் கிடைத்ததே உன்னால்தான். எண்பதுகளில், புருஷன் விட்டுப்போன பெண்ணுக்குக் கடை கொடுக்கப் பெரிய முதலாளி தயங்கினார். "நூரு என் தங்கச்சி மாதிரி. நான் பொறுப்பு" என்றாய். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் காலமானதும் மகன் வந்தார். காம்ப்ளெக்ஸ் கட்டப்போவதாகச் சொல்லி, காலி செய்வதாக எல்லோரையும் எழுதித் தரச் சொன்னார். நீதான் மற்ற ஆறு கடைக்காரர்களையும் மாடிக்குக் கூப்பிட்டாய்.

"ஒருத்தரும் கையெழுத்து போடக் கூடாது. ஏழு பேரும் சேந்துகினு நின்னா அவன் இன்னா பண்ணிடுவான்?"

உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தோம்.

கொஞ்ச நாள் கழித்து மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடனே எழுதிக் கொடுத்தால் புதுக் கட்டடத்தில் ரோட்டைப் பார்த்த கடை தருவதாகச் சொன்னார். முடியாது என்றேன். அதை உன்னிடம் வந்து சொன்னபோது உன் கண் கலங்கியது. "நீ நல்லவ நூரு" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா.

நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த மகன் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தார்.

"யாரை நம்பிக்கினு கீறீங்க நீங்க? இத்தப் படிங்க."

உன் கையெழுத்து. நாம் சத்தியம் செய்ததற்கு நாலு நாள் முந்தைய தேதி. புதுக் கட்டடத்தின் முனைக் கடை உன் மகள் வசந்தி பேரில்.

ஏன் அக்கா எங்களைக் கூப்பிட்டாய்? போட்டதை மறைக்கவா? இல்லை, போட்ட பிறகு மனசு கேட்காமல், எங்களையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தாயா? நான் மறுத்ததைச் சொன்ன அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாமே. திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் நானும் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

விஷயம் பரவியதும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். கடைசியாக நான். அதற்குள் ரோட்டுப் பக்கக் கடையெல்லாம் போய்விட்டது. இப்போது குமணன்சாவடியில் வீட்டு முன்னறையில் தைக்கிறேன். பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு வீடு தெரியவில்லை.

போன வாரம் வசந்தி வந்தாள். அவளுக்கு எதுவுமே தெரியாது என்று அழுதாள். நம்புகிறேன்.

"கடை கட்டி முடிச்சதும் பாதிய நீங்க எடுத்துக்கோங்க சித்தி. எனக்கு எதுக்கு அவ்ளோ எடம்?"

வேண்டாம் என்றேன். உன் கையெழுத்தில் வந்த இடத்தில் என்னால் உட்கார்ந்து தைக்க முடியாது. அவள் எழுந்திருக்கச் சிரமப்பட்டபோதுதான் கவனித்தேன். ஆறு மாதம். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது. பழக்கதோஷம்.

உன்னை மன்னிக்கவில்லை. எப்போதாவது மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். ஆஸ்பத்திரியில் "நீங்க யாரு?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன். அந்த விஷயத்தில் நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
வசந்தியின் சித்தி
நூர்ஜஹான்