கைநாட்டு கேட்கும் அப்பீல்

மஞ்சக்குட்டை ரோடு, ஏற்காடு,
1934 ஜூலை 6.

அன்பு மகள் கலாவதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் கொழும்பில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மழைக் குளிரில் முழங்கால் வலிப்பதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். வக்கீல் குமாஸ்தாவின் முகத்தில் நான் மைப்பெட்டியை வீசி எறிந்ததாக உன் சின்னம்மா உனக்கு எழுதியிருக்கிறாளாம். நான் வீசவில்லை. மேஜைமேல் என் முன்னால் வைத்ததைக் கையால் தள்ளினேன், அது விழுந்தது. அவர் வேட்டியில் மை பட்டது உண்மை. அதற்கு வருத்தம் தெரிவித்து உன் அப்பாவின் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், அதைச் சின்னம்மா எழுதியிருக்க மாட்டாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாசி மாதம் வீட்டு வரியைப் புதிதாக எழுத ஒரு அதிகாரி வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததுமே இந்த ரோட்டில் எல்லோரும் வழக்கம்போல வீட்டைக் குறைத்துக் காட்டத் தொடங்கினார்கள், திரைச்சீலையைக் கழற்றினார்கள், நல்ல பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சித்தன் வாசலில் ராகி வைக்கோலைக் குவித்து முன்னறையில் இரண்டு ஆடுகளையும் கட்டிவிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்கு வரும் வீராயியை விட்டு ஜன்னல் கண்ணாடிகளைத் துடைக்க வைத்தேன், பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தேன், பின்னறையில் கூரை ஒழுகுவது தெரியக் கூடாது என்று அந்தக் கதவைச் சாத்தி வைத்தேன். சீசனில் துரைமார் குடும்பத்துக்கு விட்டால் என்ன வாடகை வரும் என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஏரிக்கரைப் பங்களாக்களுக்கு இந்த வீடு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன். அவர் எழுதியதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன். போன மாதம் நோட்டீஸ் வந்தது, வரி மூன்று மடங்கு. சித்தனுக்குப் பழைய வரியேதான். அவன் வேலியோரம் நின்று, "ஏனுங்கம்மா, வரி எழுத வந்தவனுக்கு நாக்காலி போட்டீங்கன்னா அந்த நாக்காலிக்கும் சேத்துத்தானுங்க எழுதுவான்" என்று சிரித்தான். காப்பிச் செடிகளில் தண்டுப் பூச்சி விழுந்து இந்த வருஷம் வீட்டுச் செலவுக்கே போதாது என்று உனக்குத் தெரியும். புரட்டாசிக்குள் கட்டாவிட்டால் ஜப்தி செய்து வீட்டை ஏலம் போடுவார்களாம்.

வீராயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் சேலம் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கையெழுத்துத்தான் எனக்கு எதிரான சாட்சி, அதை உடைக்க ஒரே வழிதான் உண்டு என்றார். எனக்குப் படிப்பு இல்லை, பெயரை மட்டும் வரையப் பழகியிருக்கிறேன், இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போட்டுவிட்டேன் என்று அப்பீல் செய்து, அதில் கைநாட்டு வைக்க வேண்டுமாம். அப்படி எழுதிய மனுவோடு குமாஸ்தா கருப்பண்ணன் மலையேறி வந்தார். "கண்ண மூடிக்கிட்டு ஒரு தடவ அமுக்குங்கம்மா, ஊடு மிச்சமுங்க, வெரலு சோப்புப் போட்டா வெளுத்துரும்" என்றார். அப்போதுதான் மைப்பெட்டி விழுந்தது.

கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டு வருஷம் படித்தவள் நான். அதனால் உள்ளதை உள்ளபடி நானே இரண்டு பக்கம் எழுதி வக்கீலுக்கு அனுப்பினேன், பெருமைக்காகக் கூட்டிச் சொல்லிவிட்டேன், பின்னறையை வந்து பார்க்கட்டும் என்று. திருப்பி அனுப்பிவிட்டார். பெருமைக்காகச் சொன்னேன் என்பது சட்டத்தில் ஒரு காரணம் ஆகாதாம். விசாரணையில் அதிகாரி இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் ஒன்றும் புரியாதவளாக நான் நிற்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். சமையலறையில் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது வீராயி, "கைநாட்டு வெச்சா என்னங்கம்மா கொறஞ்சு போயிருவீங்க, நானெல்லாம் நாப்பது வருசமா வெச்சுக்கிட்டு இல்லீங்களா" என்றாள். அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கண்ணு. எது சரி என்று எனக்கே தெரியாமல் போவது இதுதான் முதல் தடவை. பொய் சொல்லவும் முடியவில்லை, உன் அப்பா கட்டிய வீட்டை விடவும் முடியவில்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காட்டு. அங்கே சட்டம் தெரிந்தவர்கள் வேறு வழி சொல்வார்களா என்று அவர் கேட்டுப் பார்க்கட்டும்.

காப்பித்தூள் பார்சல் போன வாரம் அனுப்பினேன், ஈரம் படாமல் தகர டப்பாவில் போட்டு வை. சின்னவளைத் தினமும் ஒரு பக்கம் எழுத வை, அவளுடைய எழுத்து கோணலாக இருக்கிறது. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். அப்பீலுக்கு இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிதான் கடைசி, குமாஸ்தா இருபதாம் தேதி மறுபடியும் மைப்பெட்டியோடு வருவார். வைக்கட்டுமா, வேண்டாமா என்பதை நீ சொல், நீ சொல்கிறபடி செய்கிறேன். தந்தி வேண்டாம், தபாலாபீஸில் எல்லோரும் படிப்பார்கள். பத்தொன்பதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி உன் கையால் எழுதிப் பதில் போடு.

உன் அம்மா,
காவேரி