துவைத்து அனுப்பிய சட்டை

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுவேன், எதையும் மறைக்க மாட்டேன். சிகிச்சை இல்லத்து டாக்டர் அப்படித்தான் எழுதச் சொன்னார்.

பட்டறை பூட்டியே கிடக்கிறது. பாதி பெயிண்ட் அடித்த வேன் அப்படியே நிற்கிறது. வேன்காரர் தினமும் வந்து, "உங்கப்பாவுக்கு என்னம்மா?" என்கிறார். "காய்ச்சல்" என்கிறாள் அம்மா. பெயிண்டில் கலக்கும் தின்னரை முகர்ந்து முகர்ந்து மயங்கி விழுந்தீர்கள் என்று எப்படிச் சொல்வது?

நூலகத்தில் தேடிப் படித்தேன். பள்ளிப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்களாம். என் வகுப்பிலேயே ஒயிட்னர் முகர்கிறவர்கள் இரண்டு பேர். பெயிண்டர்களும் உண்டாம். பெயிண்டர்களின் வீட்டாரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

உங்கள் மூத்த மகள்

ஜூன் 9

பெரியவளே,

நலம். இங்கே சாப்பாட்டில் உப்பே கிடையாது. பட்டறை அலமாரிக்குப் பின்னால் ஒரு கவரில் என் நீலச் சட்டை இருக்கும். முடிச்சை அவிழ்க்காமல் அனுப்பு. துவைக்க வேண்டாம். அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா

ஜூன் 14

அன்புள்ள அப்பா,

நீங்கள் சொன்னபடி செய்யத்தான் நினைத்தேன். கவரை மேசையில் வைத்துவிட்டுப் பேனா எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், குட்டி முடிச்சை அவிழ்த்துச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"நான்தான் அப்பா. இப்ப கண்ணு சொருகணும். நீ கூப்பிட்டா நான் பேசக் கூடாது."

உங்கள் சின்ன மகளுக்கு நாலு வயது, அப்பா. இத்தனை நாளும் தலையணை உறையை வைத்து இதை விளையாடியிருக்கிறாள்.

சட்டையைப் பிடுங்கினேன். ஒரே தின்னர் நெடி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அங்கே என்ன, சுவருக்கு வெள்ளையடிக்கப் போறாராமா உங்கப்பா?" என்றாள். பிறகு அழுதாள்.

மூன்று முறை சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் எழுதுங்கள்.

உங்கள் மூத்த மகள்

ஜூன் 21

பெரியவளே,

சட்டை வந்தது. முகர்ந்ததும் கோபம் வந்தது. கடிதத்தை இரண்டு நாள் பிரிக்கவே இல்லை.

நேற்றுப் படித்தேன். சட்டையை எதற்குக் கேட்டேன் என்று டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன், இன்னும் ஒரு மாதம் இருக்கிறேன். தின்னர் டின்களைக் கடைக்காரரை எடுத்துப் போகச் சொல். குட்டிக்கு வேறு விளையாட்டு சொல்லிக்கொடு.

அப்பா

ஜூன் 25

அன்புள்ள அப்பா,

டின்கள் போய்விட்டன. வேன்காரரிடம் அம்மா உண்மையைச் சொன்னாள். "எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான்மா" என்றார். வேனை எடுத்துப் போகவில்லை. "வரட்டும், மெதுவா அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குட்டி இப்போது டாக்டர். நோயாளி நான்தான், தினமும் ஆறு ஊசி.

மாலையில் மூவரும் பட்டறையைக் கழுவினோம். நெடி போகட்டும் என்று ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்துவிட்டு, விளக்குகளை அணைத்தோம்.

உங்கள் மூத்த மகள்